பருத்தித்துறையில் இருந்து ஹனோவருக்கு வேலை: டிக்கெற் போட முதல் போட வேண்டிய ஆறு கணக்கு

போன எபிசோட்டின் கடைசிப் பத்து நிமிசம் கடற்கரையில் இருந்து வேலை செய்யிறதைப் பற்றிப் பகிடியாகக் கதைத்தோம். அதற்குப் பிறகு நேரில் கண்ட தம்பி தங்கச்சிமார் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, உண்மையிலேயே அப்பிடிச் செய்யலாமோ?" செய்யலாம். ஆனால் அந்தப் பதிலுக்குள் நிறையக் கணக்கு இருக்கு. மைக்கில் சொன்னால் இந்தக் காதால் கேட்டு அந்தக் காதால் விட்டுவிடுவீர்கள். அதனால் இந்தக் கிழமைப் பாடத்தை எழுத்தில் தருகிறேன்.

என்னோடு படித்த ஜேர்மன் நண்பர்களுக்குக் கடற்கரை வேலை என்றால் மெக்சிகோ. புவேர்ட்டோ எஸ்கோந்தீதோ, பிளாயா தெல் கார்மென் என்று பெயர்கள் சொல்வார்கள். எங்கட ஆக்களுக்கு மனதில் வருவது வேறு இடங்கள். அறுகம் குடா, வெலிகம, அல்லது அம்மாவின் ஊர். என் விசயத்தில் அது பருத்தித்துறை. இலங்கையின் வடக்கு முனை. வீட்டுப் படலையைத் திறந்து ஐந்து நிமிசம் நடந்தால் கடல்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லுகிறேன். பாடம் அதில் இருந்துதான் தொடங்குது.

2023 ஜனவரியில் ஆறு கிழமைக்கென்று போனேன். அம்மம்மாவுக்கு அப்போது 86 வயது. மூன்று கிழமை லீவில் போய் வந்தால் முதல் கிழமை ஜெட்லாக், கடைசிக் கிழமை பெட்டி அடுக்கிறது, நடுவில் ஆக்களின் வீடுகளுக்குப் போய்வாறது. அம்மம்மாவோடு இருக்கிற நேரம் மிச்சமாக வாறதே இல்லை. வேலையையும் கொண்டுபோனால் ஆறு கிழமை இருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது சரி. ஆனால் நான் வேலை செய்துகொடுத்த நிறுவனத்துக்குச் சொல்லாமல் போனேன். ஹனோவர் லிண்டனில் என் வீட்டில் ஒரு ராஸ்பெரி பையை ஓடவிட்டு, அதன் ஊடாக வி.பி.என். போட்டு, ஹனோவரில் இருக்கிற மாதிரியே வேலை செய்தேன். பதினோராவது நாள் பிடிபட்டேன். எப்படி என்று நாலாவது கணக்கில் சொல்லுகிறேன்.

## கணக்கு 1: நேரம்

இலங்கை எப்போதும் யு.டி.சி.யில் இருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஜேர்மனி குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலம், கோடையில் இரண்டு. ஆகவே வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை. ஹனோவரில் காலை 9 முதல் பின்னேரம் 5 வரை என்பது பருத்தித்துறையில் குளிர்காலத்தில் மதியம் 1:30 முதல் இரவு 9:30 வரை. கோடையில் 12:30 முதல் 8:30 வரை.

இதை மெக்சிகோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புவேர்ட்டோ எஸ்கோந்தீதோவில் இருந்தால், ஹனோவரின் காலை 9 மணிக் கூட்டத்துக்குக் குளிர்காலத்தில் விடிய 2 மணிக்கு எழும்ப வேணும். கோடையில் 1 மணிக்கு, ஏனென்றால் மெக்சிகோ 2022இல் கோடை நேரத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. ஜேர்மனிக்கு வேலை செய்யிற ஒருவருக்கு மேற்கை விடக் கிழக்கு நல்லது. காலை முழுக்க உங்கட கையில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரம் மாறும், இலங்கையில் மாறாது. "நாலரையைக் கூட்டு" என்று மனதில் வைத்திருந்தாலோ கோடில் எழுதி வைத்திருந்தாலோ அந்தத் திங்கட்கிழமை பிழைக்கும். புரோகிராமில் எப்போதும் நேரவலயத்தின் பெயரைப் பாவியுங்கள்: யூரோப்/பெர்லின், ஏசியா/கொழும்பு. எண்ணைப் பாவிக்காதீர்கள்.

இந்தப் பெயர்கள் எங்கே இருந்து வருது? டி.இசட். டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கு. லினக்ஸ், ஆண்ட்ரோய்ட், ஐபோன் என்று உங்களிடம் உள்ள அநேகமான கருவிகள் அதைத்தான் பார்க்குது. உலகத்தில் எந்த ஊர் எப்போது கடிகாரத்தை மாற்றியது என்ற வரலாறு அதில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கு. ஏசியா என்ற கோப்பைத் திறந்து இலங்கையைத் தேடுங்கள். அதில் எங்கட கதையும் இருக்கு.

1996 மே மாதம் இலங்கை அரசு மின்சாரத் தட்டுப்பாட்டால் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருசம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்து, யு.டி.சி. கூட்டல் ஆறில் நிறுத்தியது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே ஐந்தரையே தொடர்ந்தது. சமாதான காலத்தில் ஏ9 பாதையால் ஓமந்தையைத் தாண்டி வன்னிக்குள் போனவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்ப வேண்டி இருந்தது. அந்தக் கோப்பைப் பராமரித்து வந்த போல் எகர்ட் 2006இல் அதற்குள் ஒரு குறிப்பு எழுதினார்: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்பவர்கள் ஏசியா/கொல்கத்தா வலயத்தைப் பாவிக்கலாம், 1970இல் இருந்து அது அந்தப் பகுதிகளின் நேரத்தோடு ஒத்துப்போகுது என்று.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் கிளிநொச்சிக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அரை மணித்தியால வித்தியாசம். உங்கட போனுக்குள் இருக்கிற டேட்டாபேஸின் மூலக் கோப்பில் அது பதிவாகி இருக்கு. நேரம் என்பது வெறும் எண் இல்லை, யார் எங்கே ஆள்கிறார் என்பதும் அதில் இருக்கு. எண்ணை எழுதாமல் பெயரை எழுதச் சொல்வது அதனால்தான்.

## கணக்கு 2: தூரம்

நோர்டர்னைத் தீவுக்குப் போக நோர்ட்டைக்கில் கப்பல் எடுத்திருப்பீர்கள். அது நோர்டன் என்ற சின்ன நகரத்தின் துறைமுகம், எங்கட நீடர்சாக்சன் மாநிலம்தான். அந்த நோர்டனில் இருந்து சீ-மீ-வீ 3 என்ற கடலடிக் கேபிள் புறப்பட்டது. ஏறக்குறைய 39,000 கிலோமீட்டர். ஐரோப்பாவைச் சுற்றி, எகிப்தைக் கடந்து, செங்கடல் வழியாக மும்பை, கொச்சி என்று போய் இலங்கையில் கல்கிசையில் கரை ஏறியது. 2000இல் பூர்த்தியானது. அந்தக் காலத்தில் எங்கட அம்மா அப்பா போன் கார்ட் சுரண்டி ஊருக்குக் கதைத்தது ஞாபகம் இருக்கா? ஜேர்மனியையும் இலங்கையையும் நேராகத் தொட்ட கேபிள் அதுதான். இப்போது அது ஓய்வு பெற்றுவிட்டது. பிறகு சேவைக்கு வந்த சீ-மீ-வீ 5 மாத்தறையில் கரை ஏறுது.

இனிக் கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். ஹனோவரில் இருந்து இலங்கை நேர்கோட்டில் கிட்டத்தட்ட 8,000 கிலோமீட்டர். போக 40 மில்லிசெக்கன், வர 40. ஆக 80க்குக் குறைய யாராலும் முடியாது. எவ்வளவு காசு கொடுத்தாலும் முடியாது, அது இயற்பியல். கேபிள் நேராகப் போறதில்லை. பாதை 12,000 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 120. அதோடு வழியில் உள்ள ரவுட்டர்கள், கடைசியில் 4ஜி. நான் பருத்தித்துறையில் அளந்தபோது அநேகமாக 180 முதல் 200 வரை வந்தது.

இது வேலையில் எங்கே வலிக்கும்?

வீடியோக் கூட்டத்தில் பெரிதாக வலிக்காது. குரலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் போதும் என்பது ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை. உங்களுக்கு ஒருவழி 100 அளவில்தான். மற்றவர் கதைத்து முடித்த பிறகு அரைச் செக்கன் பொறுத்துக் கதைக்கப் பழகினால் சரி.

வலிப்பது போய்வருகை கூடின வேலைகளில். ஒரு புதிய பாதுகாப்பான இணைப்புக்கு டி.சி.பி.க்கு ஒரு போய்வருகை, டி.எல்.எஸ். 1.3க்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று. மூன்று தரம் 180 என்றால் 540 மில்லிசெக்கன், அரைச் செக்கனுக்கு மேல். உங்கட லப்டொப்பில் ஓடுகிற புரோகிராம் பிராங்க்ஃபுர்ட்டில் உள்ள டேட்டாபேஸை ஒன்றன்பின் ஒன்றாக 40 தரம் கேட்டால் 7 செக்கன் காத்திருப்பு. ஹனோவரில் இருக்கும்போது இது தெரியவே தெரியாது.

மருந்து என்னவென்றால், கோடையும் டேட்டாபேஸையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இரண்டும் லப்டொப்பில், இல்லாவிட்டால் இரண்டும் ஜேர்மன் சேர்வரில். சேர்வரில் வேலை செய்தால் டிமக்ஸ் போட்டு வையுங்கள், லைன் அறுந்தாலும் வேலை அறாது. மோஷ் பாவித்தால் தட்டச்சுத் தாமதமும் குறைவாகத் தெரியும்.

அதோடு, ஐரோப்பாவில் இருந்து தெற்காசியாவுக்குப் போகிற கேபிள்களில் பெரும்பகுதி செங்கடலைக் கடக்குது. 2025 செப்டெம்பரில் ஜெத்தாவுக்குக் கிட்ட சீ-மீ-வீ 4உம் ஐ.எம்.இ.டபிள்யு.இ. கேபிளும் சேதப்பட்டபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் இணையம் மந்தமானது. உங்கட வீட்டு ரவுட்டரில் பச்சை லைற் எரியும், ஆனால் ஹனோவர் தூரப் போயிருக்கும். முக்கியமான டெலிவரி உள்ள கிழமையில் இதையும் யோசியுங்கள்.

## கணக்கு 3: கரண்ட்

நான் போன 2023 ஜனவரியில் இலங்கையில் தினமும் 2 மணி 20 நிமிசம் கரண்ட் வெட்டு. அதற்கு முதல் வருசம், நெருக்கடியின் உச்சத்தில், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. இப்போது நிலைமை எவ்வளவோ நல்லம். ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருளானது. பகிடி இல்லை, மந்திரியே சொன்னது. நல்லவேளை, அது ஞாயிற்றுக்கிழமை.

கணக்கு இதுதான். 20,000 மில்லிஅம்பியர்-மணி பவர்பாங்கை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. மாற்றும்போது கொஞ்சம் இழப்பு, ஆகவே 60 என்று வையுங்கள். ஒரு 4ஜி ரவுட்டர் 10 வாட் குடித்தால் 6 மணித்தியாலம். லப்டொப் 30 வாட் என்றால் 2 மணித்தியாலம், அதோடு அதன் சொந்த பேட்டரி. ஒரு சாதாரண வெட்டைத் தாண்ட இது போதும். விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம், பெட்டிக்குள் போடக் கூடாது.

இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வையுங்கள். கரண்ட் நீண்ட நேரம் இல்லாவிட்டால் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கும், எல்லாக் கோபுரமும் ஒரே நேரத்தில் இறங்காது.

காலநிலையும் இந்தக் கணக்கில்தான். ஜேர்மன் குளிருக்குத் தப்பி டிசம்பரில் போறவர்கள் கவனியுங்கள்: அப்போது வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவமழை. அறுகம் குடாவின் அலைக்காலம் மே முதல் ஒக்டோபர் அளவில். டிசம்பரில் வெயில் வேணும் என்றால் வெலிகமப் பக்கம், தெற்குக் கரை.

## கணக்கு 4: மறைக்கிறதின் விலை

இனி நான் பிடிபட்ட கதை. ஒரு பின்னேரம் கரண்ட் போனது. வீட்டு ரவுட்டர் நின்றது. லப்டொப் தானாகவே என் போனின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறியது. வி.பி.என். திரும்ப எழும்ப முதல், அலுவலக மெயில் புரோகிராம் நேராக 4ஜி வழியாக உள்ளே போய்விட்டது. பத்து செக்கன் இருக்கும். அந்தப் பக்கத்தில் பதிவு எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள்: 17:40க்கு ஹனோவர், 17:42க்கு இலங்கை. இரண்டு நிமிசத்தில் 8,000 கிலோமீட்டர். பாதுகாப்பு மென்பொருள்களில் இதற்கு "நடக்க முடியாத பயணம்" என்றே ஒரு எச்சரிக்கை இருக்கு. கணக்கு அந்தக் கணமே பூட்டப்பட்டது. யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று அங்கே இரவிரவாக ஆக்கள் எழும்பி வேலை செய்தார்கள். அடுத்த நாள் நான் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. என் கொன்ட்ராக்டில், வாடிக்கையாளர் தரவை ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே இருந்து தொடக் கூடாது என்று தெளிவாக இருந்தது. வாசிக்காமல் கையெழுத்து வைத்தவன் நான். கொன்ட்ராக்டை நிறுத்தினார்கள். பிழை அவர்களுடையது இல்லை.

"கில் சுவிட்ச் போட்டிருந்தால் தப்பியிருப்பாய்" என்று ஒரு நண்பன் சொன்னான். அதுவும் பொய். வி.பி.என். உங்கட ஐ.பி. முகவரியை மாற்றும், உங்களை மாற்றாது. இரண்டாவது கணக்கை ஞாபகப்படுத்துங்கள்: ஹனோவர் முகவரியில் இருந்து வருகிற ஒருவரின் ஒவ்வொரு பதிலும் 180 மில்லிசெக்கன் பிந்தி வந்தால், பார்க்கத் தெரிந்தவருக்குப் பார்த்த உடனே தெரியும். ஒளியின் வேகம் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. எங்கட ஊர் யூனிவர்சிட்டிக்குப் பெயர் கொடுத்த லைப்னிட்ஸ், இரும எண்களைப் பற்றி 1703இல் எழுதிய அதே ஆள், 1676 முதல் 1716இல் இறக்கும் வரை ஹனோவர் அரச குடும்பத்திடம் சம்பளத்துக்கு வேலை செய்தார். அவர்களின் குலவரலாற்றை எழுதுவதும் அந்த வேலையில் ஒன்று. 1712 கடைசியில் வியன்னாவுக்குப் போனவர் 1714 செப்டெம்பர் வரை திரும்பவில்லை. ஹனோவரில் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். லைப்னிட்ஸுக்கே அப்படி என்றால் நான் எந்த மூலை!

ஆகவே முதல் வேலை: கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். நிரந்தர வேலையில் இருப்பவர்களின் ஹோம் ஒஃபிஸ் ஒப்பந்தத்தில் அநேகமாக ஒரு முகவரி இருக்கும், "எங்கேயும்" என்று இருக்காது. கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: எந்த நாடு, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த மணித்தியாலங்கள், எந்தத் தரவைத் தொட மாட்டேன், லைன் போனால் என்ன செய்வேன். இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புப் போதுமை முடிவு இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும், அந்த முடிவு வேறு விசயம். அதனால் தரவு ஜேர்மன் சேர்வரிலேயே இருக்க, நீங்கள் திரையை மட்டும் பார்க்கிற ரிமோட் டெஸ்க்டொப்பைக் கேளுங்கள். அதுவும் தரவைத் தொடுகிறதாகத்தான் கணக்கு, ஆனால் லப்டொப் களவு போனாலும் தரவு போகாது. அவர்கள் "இல்லை" என்று சொன்னால் அது பதில். அதற்குப் பிறகு லீவில் போங்கள்.

## கணக்கு 5: வரி, விசா, வருத்தம்

வரி. ஹனோவரில் உங்களுக்கு ஒரு வீடு இருந்து, அதன் திறப்பு உங்கட பொக்கெற்றில் இருக்கும் வரை, உலகத்தில் எங்கே உழைத்தாலும் ஃபைனான்ஸாம்டுக்குக் கணக்குக் காட்ட வேணும். "அரை வருசம் வெளியில் இருந்தால் வரி இல்லை" என்று சித்தப்பாமார் சொல்கிற கதையை நம்பாதீர்கள். 183 நாள் என்ற எண் உண்மையில் வருவது வேறு இடத்தில். ஜேர்மனிக்கும் இலங்கைக்கும் இடையில் 1979இல் கையெழுத்தான இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு. சம்பளத்துக்கு வேலை செய்யிற ஒருவர் இலங்கையில் 183 நாளுக்கு மேல் இருக்காமல், சம்பளம் கொடுப்பவர் இலங்கைக்காரராக இல்லாமல், அங்கே அவருக்கு நிலையான கிளையும் இல்லாமல் இருந்தால் வரி ஜேர்மனியிலேயே நிற்கும். மூன்றும் சேர வேணும், நாள் மட்டும் போதாது. என்னைப் போலக் கொன்ட்ராக்டர்களுக்கு அங்கே நிலையான தொழில் இடம் இருக்கா என்பதும் பார்க்கப்படும். நாள் எண்ணும்போது இன்னொன்று: ஜேர்மன் வரி வருசம் ஜனவரியில் தொடங்கும், இலங்கையில் ஏப்ரல் 1இல். சில கிழமைக்கு மேல் போறதாக இருந்தால் ஒரு ஷ்டொயர்பெராட்டரிடம் கேளுங்கள். அந்த பில் டிக்கெற்றை விட மலிவு.

விசா. சுற்றுலா அனுமதி 30 நாளுக்குத் தருவது, சுற்றிப் பார்க்க. வேலை செய்ய இல்லை. முதல் முறை நான் அதில்தான் போனேன், அதுவும் பிழை. விதிகளும் மாறும்: 2024 ஏப்ரலில் இணைய விசா முறையை வேறு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள், ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது, செப்டெம்பரில் பழைய முறை திரும்பி வந்தது. ஆகவே போன வருசம் போய்வந்த மச்சானிடம் கேட்காமல், போகிற கிழமையில் குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தைப் பாருங்கள்.

எங்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கு. 2024 ஜூன் 27 முதல் ஜேர்மன் சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட குடியுரிமையை அனுமதிக்குது. எங்கட பெற்றோர் பலர் ஜேர்மன் பாஸ்போர்ட் எடுத்தபோது மற்றதை விட வேண்டி வந்தது. இப்போது இலங்கைச் சட்டத்தின் கீழ் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் ஜேர்மன் பக்கம் தடை இல்லை. நான் அந்தக் கோடையிலேயே விண்ணப்பித்தேன். கடிதம் வந்த பிறகுதான் அடுத்த டிக்கெற் போட்டேன். ஆனால் வீட்டில் யாராவது அகதிக்கான நீலப் பயண ஆவணம் வைத்திருந்தால், அது பிறந்த நாட்டுக்குச் செல்லாது, அங்கே போனால் அந்தஸ்துக்கே பிரச்சினை வரலாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போக முதல் கட்டாயம் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வருத்தம். ஜேர்மன் பொது மருத்துவக் காப்புறுதி இலங்கையில் செல்லாது. பயணக் காப்புறுதி அநேகமாக ஒரு பயணத்துக்கு ஆறு அல்லது எட்டுக் கிழமைதான். அதில் "தொழில் பயணமும் அடங்கும்" என்று இருக்கா என்று பாருங்கள். லப்டொப்போடு போறவர் சுற்றுலாப் பயணி இல்லை.

## கணக்கு 6: ஊர்

அம்மம்மாவுக்கு என் வேலை விளங்கவே இல்லை. "உது என்ன வேலை? பகல் முழுக்கச் சும்மா திரியிறாய், ராவிலை தனியக் கதைச்சுக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்டா. பக்கத்து வீட்டு மாமி இன்னும் நேராகக் கேட்டா: "தம்பிக்கு அங்கை வேலை போட்டுதோ?" சிரிப்பு வந்தாலும் அதில் ஒரு விசயம் இருக்கு. நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள், ஊருக்கு வேலை செய்யவில்லை. யூரோவில் உழைத்து ரூபாயில் செலவழிக்கிறீர்கள். நீங்கள் யோசிக்காமல் கொடுக்கிற வாடகை, அடுத்த வருசம் அந்த ஊர்ப் பிள்ளைக்கான விலையாக மாறும்.

அறுகம் குடாவில் இதன் பெரிய வடிவம் நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையை ஹோட்டல்களுக்காக மாற்றி அமைக்கிற திட்டம் வந்தபோது, வாடி போட்டு மீன் பிடித்தவர்கள் தங்கட கரையை விட்டுப் போக மறுத்துப் போராடினார்கள். பொத்துவில் தமிழ் பேசுகிற ஊர். அங்கே போறவர் தமிழ் தெரிந்தும் தெரியாத வெள்ளைக்காரர் மாதிரி இருந்துவிட்டு வரக் கூடாது.

என்ன செய்யலாம்? வாடகையை ஊர்க் குடும்பத்துக்குக் கொடுங்கள், ஊர் விலை கேட்டுக் கொடுங்கள். யாழ் ஐ.டி. ஹப் நடத்துகிற யாழ் கீக் சாலஞ்ச் மாதிரி நிகழ்வுகளுக்குப் போங்கள். யாழ் பல்கலைக்கழகத்துக் கணினிப் பிள்ளைகள் உங்களுக்குச் சமமான ஆக்கள், அவர்களோடு கதைத்துப் பாருங்கள். கரண்ட் வெட்டுக்குள் கோட் எழுதிப் பழகினவர்களிடம் நாங்கள் கற்க நிறைய இருக்கு.

## மிச்சம்

ஆறு கிழமைக்குப் போன நான் அடுத்த கொன்ட்ராக்ட் தேட வேண்டி, மூன்றாவது கிழமை தொடக்கத்திலேயே ஹனோவருக்குத் திரும்பினேன். அம்மம்மா அந்த வருசம் ஒக்டோபரில் போய்ச் சேர்ந்தா. அவவோடு இருந்திருக்கக் கூடிய ஒரு மாதத்தை நான் தொலைத்தது கரண்ட்டாலோ கேபிளாலோ இல்லை. ஒரு மெயில் எழுதிக் கேட்காததால்.

2025 ஜூலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். ஐந்து கிழமை. புதிய நிறுவனத்திடம் முதலே கேட்டேன். பத்து நாள் யோசித்துவிட்டு, கொன்ட்ராக்டுக்கு ஒரு பக்க இணைப்பு எழுதித் தந்தார்கள்: நாடு, திகதி, நேரம், ஜேர்மன் சேர்வரில் ரிமோட் டெஸ்க்டொப், வாடிக்கையாளரின் உண்மைத் தரவு இல்லை. விடிய அம்மாவோடு மீன் சந்தைக்குப் போவேன். பத்து மணிக்குச் சின்னம்மா வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி. அப்போதுதான் அம்மா தான் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி, 1980களில் ஊரை விட்டு வந்த நாளைப் பற்றி, ஹனோவரில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னா. 12:30க்கு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன். எங்கே இருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். பயம் இல்லாமல் வேலை செய்தேன்.

தூர இருந்து வேலை செய்யிறது என்றால் எங்கேயும் இல்லாமல் இருக்கிறது இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் உண்மையைச் சொல்ல வேணும்.

வீட்டுப்பாடம்

1. உங்கட கொன்ட்ராக்டை எடுத்து "வேலை இடம்", "தரவு" என்ற இரண்டு பகுதிகளையும் இன்றைக்கே வாசியுங்கள்.
2. டெர்மினலைத் திறந்து இலங்கையில் உள்ள ஒரு பல்கலைக்கழக இணையத்தளத்துக்குப் பிங் போடுங்கள். வந்த எண்ணை 80ஓடு ஒப்பிடுங்கள். மிச்சம் எங்கே போகுது என்று யோசியுங்கள். 80க்குக் குறைய வந்தால் சந்தோசப்படாதீர்கள், அந்தச் சேர்வர் இலங்கையிலேயே இல்லை.
3. ஊரில் இருக்கிற வயதான ஒருவருக்குப் போன் எடுங்கள். அங்கே மணி எத்தனை என்று முதலில் பாருங்கள்.

அடுத்த எபிசோட்டில் நேரவலயப் பிழைகள் பற்றி விரிவாகக் கதைப்போம். சந்திப்போம்.